ஒன்றே அரைக்கால், ஒன்றரை

பொதியை வீடு வரை கொண்டுபோகப் பொறுமையில்லை.
பண்டாரவளை பஸ் தரிப்பிடத்திலேயே பிரித்தேன்.
யாரோ கொழும்புக்காரன் இரண்டு வருடம் ஓட்டி விற்ற ஃபோர்க்,
கால்களில் கீறல், பரவாயில்லை.
நான் பார்க்கத் துடித்தது தண்டை:
மேலே ஒன்றே அரைக்கால் அங்குலம்,
இறங்க இறங்கப் பருத்து
அடியில் ஒன்றரை.

கவ்வாத்து வெட்டிய மலையில் நின்றவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.
தேயிலை ஏன் இடுப்பளவில் நிற்கிறது என்று கேட்கும் வெளியாட்கள்
தூர் எவ்வளவு தடிப்பென்று
குனிந்து பார்ப்பதில்லை.

முஸம்மில் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
வேர்னியரைத் தலைக்குழாயின் வாயில் வைத்தான்.
"நாப்பத்தி நாலு மில்லி. மேலயும் அதான், கீழயும் அதான்.
உன்ட பிரேம் பழசு, ஆனா கடைசிப் பழசு.
இன்னும் ரெண்டு வருசம் முந்தினதா இருந்தா
இந்த ஃபோர்க்க நீ
சாமான் தொங்கப்போடத்தான் வச்சிருக்கணும்."

கீழ்ப் பேரிங் குழாய்க்குள் அடங்காது,
வெளியே ஒரு கிண்ணத்தில் தொங்கும்.
முன்பக்கம் ஒரு விரல் உயரும்,
கோணம் அரைப் பாகை சாயும்.
கிண்ணத்தின் விலையைச் சொன்னான்.
நான் ஷட்டரைப் பார்த்தேன்.
பிறகு சரி என்றேன்.

பழைய தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு.
அதன் நேர்மையில் குறையில்லை.
ஆனால் ஸ்டோர் வளைவில்,
பத்தாம் நம்பர் மலைக்குக் கீழே,
முன் பிரேக்கை அழுத்தினால்
சக்கரம் ஒரு கணம் என் பக்கம் ஒதுங்கும்,
அப்புறம் தன் யோசனைப்படி போகும்.
கல் உதைக்கும் உதையெல்லாம் வந்து கூடுவது
கவை பிரிகிற அந்தக் கழுத்தடியில்.
ஹேண்டில் பக்கம் ஏற ஏற அதற்கு வலு குறைந்துவிடும்,
அங்கே எதற்கு வீண் உலோகம்?
அடியில் மட்டும் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால்,
சுவர்க் கனம் மாறாமலே,
விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டும்.
பில்லின் பின்பக்கத்தில் மூன்று தரம்
போட்டுப் பார்த்துவிட்டேன்.

நீள நட்டுக்கம்பி, இரண்டு வாசர், இரண்டு ஸ்பேனர்.
திருகத் திருகக் கிண்ணம் முனகி,
ணக் என்று உட்கார்ந்தது.

தர்ஷிகா நம்பவில்லை.
"அச்சப் பாரு. பழசுல ஒம்பது மில்லிக் கம்பி,
இதுல பதினஞ்சு.
ஒரே நாள்ல ரெண்டையும் மாத்திட்டு
ஒண்ணுக்கு மட்டும் மாலை போடுற."
டயரில் நாலு இறாத்தல் காற்றை இறக்கினால்
நான் பெருமையடிக்கும் விறைப்பில் பாதி
காணாமல் போய்விடும் என்றும் சொன்னாள்.
என்னிடம் பதிலில்லை. இன்றுவரை இல்லை.

ஞாயிறு, ஆறரை மணி, பனி இன்னும் கான்களில் படுத்திருந்தது.
அவள் முன்னால் இறங்கி வளைவுக்கு மேலே காத்திருந்தாள்.
நான் வந்தேன்.
பிரேக். ஒதுங்கல் இல்லை.
ஒவ்வொரு கல்லும் தன் பெயரை
மணிக்கட்டில் சொல்லிப் போயிற்று;
இத்தனை நாள் பாதிப் பெயர்களைப் பழைய தண்டு
எனக்குத் தெரியாமல் விழுங்கியிருக்கிறது.
பார்த்த இடத்துக்குப் பிசகாமல் போனது சக்கரம்.
இன்னொரு முறை பார்த்தேன், போனது.
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்போது கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது,
நான் பார்த்தது கானை.

சொன்ன சொல் கேட்கும் சக்கரம்
கானின் நட்டநடுவுக்கு
நூல் பிடித்தாற்போல் போய் இறங்கியது.
பழையதாக இருந்தால்
தவறிப்போயாவது ரோட்டில் நின்றிருக்கும்.

சேற்றிலிருந்தபடி தடவிப் பார்த்தேன்:
கிண்ணத்தில் கீறல் இல்லை,
தண்டு ஆடவில்லை, பேரிங் வெண்ணெயாய்ச் சுழல்கிறது.
மேலேயிருந்து தர்ஷிகா கத்தினாள்:
"இப்ப சொல்லு, எது வளைஞ்சது, அச்சா, தண்டா?"

சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன்.